நான்கு பெயரில் ஒரு விரிவுரையாளர்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் எல்லாரும் ஒரே புத்திமதியைத்தான் சொன்னார்கள்: கட்டுரை எழுது, மாநாட்டுக்குப் போ, மேற்படிப்பைக் கெதியாக முடி. எழுதின கட்டுரை எந்தப் பெயரில் போய் நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னுடைய பதவியுயர்வு விண்ணப்பம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டிருக்காது. கொழும்புக்கும் திருகோணமலைக்குமாக இரவு ரயிலில் நித்திரை முழித்திருக்கத் தேவையில்லை. எழுபதினாயிரம் ரூபாவரை கையை விட்டுப் போயிருக்காது. இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தகுதிகாண் விரிவுரையாளர்களாகச் சேருகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பதெல்லாம் வேண்டாம். வீடு உப்புவெளி, பாடம் சமூக விஞ்ஞானம், ஆய்வு கரைவலைக்காரரையும் கருவாடு போடும் பெண்களையும் பற்றியது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகத் தொடங்கினால் பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர் இரண்டாம் தரம், முதலாம் தரம், அதற்கு மேலே இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள் உண்டு. மேல் படிகளுக்கு வெற்றிடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தகுதி அடிப்படையில் நாமே விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றுநிருபத்தில் அதற்கான புள்ளித்திட்டம் இருக்கிறது. கற்பித்தலுக்கு ஒரு பங்கு, ஆய்வுக்கும் ஆக்கத்துக்கும் ஒரு பங்கு, அறிவைப் பரப்பியதற்கும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த பணிக்கும் இன்னொரு பங்கு. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் உங்கள் கட்டுரைகளைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆவணம் இணைக்கவேண்டும். ஆவணம் இல்லாத வேலை செய்யாத வேலைதான், அதில் சண்டை பிடிக்க இடமில்லை.

நான் 2021 கடைசியில் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். தடித்த பைல் கட்டு, பக்க இலக்கம் போட்டு, வர்ணத் தாள் வைத்துப் பிரித்து, பார்க்கவே ஆசையாக இருந்தது. சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இணைத்துள்ள கட்டுரைகளில் பலவற்றின் ஆசிரியர் விண்ணப்பதாரர்தானா என்பதை உறுதிப்படுத்தவும் என்று இரண்டே வரி. அதை வாசித்ததும் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. யாரோ எழுதினதைத் திருடிக்கொண்டு வந்தவளிடம் கேட்பதுபோல ஒரு கேள்வி. வீட்டில் ஒருத்தருக்கும் காட்டாமல் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தேன்.

விஷயம் என்னவென்று பார்த்தால் எல்லாம் எங்கள் தமிழ்ப் பெயர் செய்த வேலை. என் பெயரை இங்கே போட விரும்பவில்லை. விளங்குவதற்காக அப்பா கந்தையா, நான் மாலதி, கணவர் சிவகுமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் கந்தையா மாலதி. பள்ளிக்கூடத்திலிருந்து பட்டம் வரை க. மாலதி. கடவுச்சீட்டு எடுக்கும்போது குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு கட்டம் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை ஒன்றில் போட்டு என் பெயரை மற்றதில் போட்டோம். கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு மாலதி சிவகுமார் ஆனேன், ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்ததும் அந்தப் பெயரில்தான். கட்டுரை அனுப்புகிற இணையப் படிவங்களிலும் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று அதே இரண்டு கட்டம். அந்தந்த நேரத்துக்கு எது சரியென்று பட்டதோ அதைப் போட்டேன். சில இடங்களில் இணைந்து எழுதினவர் எனக்காக நிரப்பி அனுப்பினார், அவருக்குப் பட்டபடி.

இதன் விளைவு, எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கு வைக்கிற ஒரு பெரிய மேற்கோள் தரவுத்தளத்தில் நான் நாலு பேராகப் பிரிந்து கிடந்தேன். ஒருத்தியிடம் மூன்று கட்டுரை, இன்னொருத்தியிடம் ஐந்து, மூன்றாமவள் திருமணமானவள், நாலாமவள் என் அப்பா. உண்மையாகத்தான். கந்தையா (2014) எடுத்துக்காட்டுவதுபோல, கந்தையா வாதிடுகிறார் என்றெல்லாம் இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். அப்பா சீனன்குடாவில் மா ஆலையில் வேலை செய்து இளைப்பாறியவர். கடைசியில் அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எட்டாம் வகுப்போட விட்டவனை இவ்வளவு பேர் படிக்கிறாங்களே பிள்ளை" என்றார். அந்தக் காலத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சிரிக்கிற விஷயமில்லை என்பது கணக்குப் பார்க்கும்போது தெரியும். மேற்கோளை அளக்க எச் சுட்டெண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஹேர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005 இல் முன்வைத்தது. குறைந்தது ஆறு தடவை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஆறு இருந்தால் சுட்டெண் 6. அந்த ஆறு கட்டுரையும் மூன்று பெயருக்குக் கீழே இரண்டிரண்டாகச் சிதறினால் மூன்று பேருக்கும் சுட்டெண் 2 தான். ஒருவர் ஆறாக நிற்பதற்கும் மூன்று பேர் இரண்டாக நிற்பதற்கும் மதிப்பீட்டாளர் கண்ணில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை. வேலை அதே வேலை, வெயிலும் அதே வெயில்தான், நான் குச்சவெளிக் கரையில் நின்று எடுத்த பேட்டிகளும் அதே பேட்டிகள்.

இது தமிழருக்கு மட்டும் வருகிற தொல்லையும் இல்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சகோதரிகளைக் கேளுங்கள். பாத்திமா என்று தொடங்கும் பெயரையும் முகம்மது என்ற தகப்பன் பெயரையும் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் ஒருவருக்குள் ஒருவர் கலந்துபோய்க் கிடக்கிறார்கள். எங்களுக்கு ஒரு ஆள் நாலாகப் பிரியும், அவர்களுக்கு நாலு ஆள் ஒன்றாகச் சேரும். சிங்கள நண்பர்களுக்கு வாசகம என்கிற நீண்ட பரம்பரைப் பெயர்களும் ஐந்தாறு தலைப்பெழுத்துகளும். பெயர் என்றால் முதலில் ஒன்று, கடைசியில் குடும்பப் பெயர் ஒன்று என்று ஐரோப்பியப் பழக்கத்தை வைத்துக் கட்டின படிவம், நம்மில் யாருக்குத்தான் பொருந்தும்?

நான் செய்த முதல் காரியம், இந்தப் பெயர்கள் எல்லாம் நான் ஒருத்திதான் என்று சத்தியம் செய்து எழுதுகிற சத்தியக்கடதாசி. உவர்மலையில் ஒரு சமாதான நீதவான், இளைப்பாறிய அதிபர். வாசித்துவிட்டு, "ஏன் மகள், உங்கட பேரில உங்களுக்கே சந்தேகமோ?" என்று கேட்டார். கையெழுத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், தேத்தண்ணியும் தந்தார். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அது தமிழில் இருக்கிறது, ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று சொன்னார்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கும் அப்படியே. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் பத்திரத்தின் பிரதி சுணங்காமல் கிடைத்தது. பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போனேன். அவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் கந்தையாவை ஆங்கிலத்தில் எழுதுகிற விதம் ஒன்றா இரண்டா? கடவுச்சீட்டில் உள்ளதற்கும் அவர் போட்டதற்கும் இரண்டு எழுத்து வித்தியாசம். நாலு பெயரைச் சேர்க்கப் போய் ஐந்தாவது பெயர் பிறந்துவிட்டது. திரும்பவும் முதலில் இருந்து. ஆகவே மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது மூலப் பத்திரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்து, பெயர்களுக்கு இந்த எழுத்துக்கூட்டலைத்தான் போடவேண்டும் என்று எழுதியே கொடுங்கள். கலியாணப் பதிவுப் பத்திரத்தையும் அதோடு சேர்த்து மொழிபெயர்த்து வையுங்கள். கணவர் பெயரில் எழுதுகிற பெண்களுக்குப் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே தாளில் இணைக்கிற ஆவணம் அதுதான்.

இதற்கிடையில் 2022 பிறந்து நாடு படுத்தேவிட்டது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கொமினிகேஷன் கடையில் போட்டோக்கொப்பி எடுக்க ஜெனரேட்டர் போடுகிற நேரம் பார்த்துப் போகவேண்டும், தாளின் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது. பெற்றோல் வரிசையில் கணவர் நிற்க, நான் பஸ்ஸில் பைலை மடியில் வைத்துக்கொண்டு அலைந்தேன். இணைந்து எழுதினவர்களிடம் இந்தக் கட்டுரையில் என்னோடு எழுதியவர் இன்னார்தான் என்று கடிதம் கேட்டு மெயில் போட்டால், அவர்கள் பாட்டுக்கு அவர்களுக்கும் இதே இருட்டு. ஒருவர் கனடா போய்விட்டார், உடனே அனுப்பினார். இன்னொருவர் காலமாகிவிட்டார் என்பது அவருடைய மகன் பதில் போட்டபோதுதான் எனக்குத் தெரியும். என்னுடைய கடிதத் தேவைக்காக அந்த வீட்டுக்கு மெயில் போட்டேனே என்ற கூச்சம் இன்னும் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு சஞ்சிகைக்காரர் ஆபத்பாந்தவன்போல வந்தார். இணையத்தில் உள்ள கட்டுரையில் பெயரைத் திருத்தித் தருகிறோம், 150 டொலர் கட்டுங்கள் என்று மெயில். வருடத் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ஐத் தொட்டிருந்தது. 150 டொலர் என்றால் ஐம்பத்துநாலாயிரம் ரூபா. நகையை வைத்தாவது கட்டுவோம் என்ற மனநிலையில்தான் இருந்தேன். வங்கியில் கேட்டால், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அட்டையைப் பாவிக்க இப்போதைக்கு இடமில்லை என்றார்கள். நாட்டில் டொலர் இல்லாமல் போனதால் லாபம் கண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிறகுதான் தெரியவந்தது, பெரிய வெளியீட்டாளர்கள் பலர் 2020 க்குப் பிறகு ஆசிரியர் பெயர் மாற்றத்துக்கென்றே கொள்கை வகுத்திருக்கிறார்கள். பால்மாறிய ஆய்வாளர்களை நினைத்துத் தொடங்கினது, திருமணத்தாலும் விவாகரத்தாலும் பெயர் மாறினவர்களுக்கும் அது உதவுகிறது. அதற்குக் காசு கேட்பதில்லை. பெயரைத் திருத்தக் காசு கேட்கிற இடத்தில் கட்டுரை போடுவதற்கும் யோசிக்கவேண்டும் என்பது என் கணிப்பு.

வழி காட்டியது ஒரு பேராசிரியரும் இல்லை, நிர்வாக அதிகாரியும் இல்லை. நூலகத்தில் வேலை செய்கிற ஓர் அக்கா. நான் ஏதோ பழைய இதழைத் தேடிக்கொண்டு நிற்க, முகத்தைப் பார்த்துவிட்டு என்ன மிஸ் பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். கணினியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், நீங்கள் நாலு பேர். நாலு பேரையும் ஒரு நம்பருக்குள்ள போட்டுவிட்டால் சரி" என்றார். அன்றைக்கு அவர் எனக்கு எடுத்துத் தந்ததுதான் ஓர்கிட் எண். 2012 இல் தொடங்கின, லாபநோக்கமில்லாத அமைப்பு ஒன்று உலகம் முழுவதும் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற 16 இலக்க அடையாளம். அடையாள அட்டை இலக்கம் மாதிரித்தான், பெயர் எப்படி மாறினாலும் இலக்கம் மாறாது. அதற்குள்ளே வேறு பெயர்களைப் பதிய ஓர் இடம் இருக்கிறது. க. மாலதி, கந்தையா மாலதி, மாலதி சிவகுமார் எல்லாவற்றையும் அங்கே எழுதிவிடலாம். டிஓஐ, அதாவது கட்டுரைக்கென்று கொடுக்கிற நிரந்தர அடையாள எண், உள்ள கட்டுரை என்றால் அந்த எண்ணைப் போட்டாலே விபரம் தானாக வந்து உட்காரும்.

அதன் பிறகு தரவுத்தளத்துக்கு எழுதினோம். எழுத்தாளர் விபரங்களை ஒன்றாக்கும்படி கேட்கிற படிவம் பெரிய தரவுத்தளங்களில் உண்டு, அதற்கும் கட்டணமில்லை. எது சரியான பெயர், எந்தக் கட்டுரைகள் என்னுடையவை என்று ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பவேண்டும். பல்கலைக்கழக மெயில் முகவரியிலிருந்து கேட்டால் நம்புவார்கள். சில கிழமையில் மூன்று பேர் ஒன்றானார்கள். அப்பாவைப் பிரித்து எடுக்க மட்டும் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிற கூகுள் ஸ்கொலரில் வேறு மாதிரி ஆபத்து. அங்கே கட்டுரைகளைத் தானாகச் சேர்க்க விட்டால் உங்கள் பெயரில் உள்ள வேறு யாருடையதோ வந்து சேரும். என் பக்கத்தில் பல் வைத்தியக் கட்டுரை ஒன்று பல மாதம் கிடந்திருக்கிறது. கரைவலை ஆய்வுக்கு நடுவில் கடைவாய்ப் பல். பார்த்த மதிப்பீட்டாளர் என்ன நினைத்திருப்பாரோ. தானாகச் சேர்க்க வேண்டாம், என்னைக் கேட்டுச் சேர் என்று மாற்றிவிடுகிற வசதி அதன் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது, இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். திருகோணமலையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறோம், நிறுவனத்தின் பெயரையும் ஆளுக்கொரு மாதிரிச் சுருக்குகிறோம். நிறுவனத்தின் கணக்கில் அந்தக் கட்டுரை விழாமல் போனால் ஆண்டறிக்கையிலும் விழாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. என்னுடைய நல்ல கட்டுரைகள் என்று நான் நினைப்பவை தமிழில் எழுதினவை. கருவாட்டுப் பெண்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதினேன். அவற்றில் பாதி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டுகிற பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி பிடிஎஃப் ஆனவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. தேடினால் வராது, பிரதி பண்ணி ஒட்டினால் ஒன்றும் விளங்காது. டிஓஐ கிடையாது, ஆங்கிலத் தலைப்பும் கிடையாது. ஆகவே தமிழில் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள், ஆனால் கணினி தமிழாகவே அடையாளம் காண்கிற யூனிகோட்டில் கொடுங்கள். பதிப்பாசிரியர் பாமினிதான் வேண்டும் என்று நின்றால் இரண்டிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தலைப்பும் சுருக்கமும் பெயரும் அதே பக்கத்தில் வரும்படி கேளுங்கள். அச்சிதழ் வந்த அன்றே அட்டை, பொருளடக்கம், பதிப்புரிமைப் பக்கம், கட்டுரை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். இணைய இதழையும் நம்பி விட்டுவிடக் கூடாது. நான் எழுதின ஓர் இணைய இதழ் தளத்தோடேயே காணாமல் போய்விட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் வைத்திருக்கிற வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடி, அந்தப் பக்கத்தின் பிரதி அங்கே கிடைத்ததால்தான் அந்தக் கட்டுரைக்கு உயிர் வந்தது. இப்போதெல்லாம் கட்டுரை வெளிவந்த அன்றே அதன் முகவரியை நானே அங்கே சேமித்துவிடுகிறேன், ஒரு நிமிட வேலை.

ஆய்வை விட என்னைப் படுத்தினது மூன்றாவது பங்கு, சமூகப் பணி. மூதூரிலும் குச்சவெளியிலும் உயர்தரப் பிள்ளைகளுக்கு எத்தனை சனிக்கிழமை கருத்தரங்கு நடத்தியிருக்கிறேன்! கடற்றொழிலாளர் சங்கங்களுக்குக் கணக்கெழுதப் பழக்கினேன், வேறு பல்கலைக்கழகத்தின் வினாத்தாளைச் சீர்பார்த்தேன். அதற்கெல்லாம் கடிதம் எங்கே? அதிபர் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார், வந்தவருக்கு என்னைத் தெரியாது. சங்கத்தின் பதிவுப் புத்தகம் எப்போதோ தொலைந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் தாள் தொலைந்த கதை இல்லாத வீடு இல்லை. 1990 இடப்பெயர்வில் விட்டது, 2004 இல் கடல் கொண்டுபோனது, 2006 இல் மூதூர்ச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. அப்படியான ஊரில் இருந்துகொண்டு பிறகு வாங்கலாம் என்று எதையும் விடக் கூடாது. நிகழ்ச்சி முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கடிதத் தலைப்பில் திகதி, தலைப்பு, எத்தனை மணித்தியாலம் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் நீங்களே தட்டச்சுச் செய்து கொண்டுபோங்கள், கையெழுத்து மட்டும் கேளுங்கள். பெயர் கடவுச்சீட்டில் உள்ளதுபோல இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு படம் எடுத்து உங்களுக்கே மெயில் போட்டுவிடுங்கள்.

சாதனைப் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. வருடா வருடம் வட்ஸ்அப் குழுக்களில் உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் என்று வாழ்த்து மழை பெய்யும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் அயனிடிஸ் குழுவினர் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தின் தரவை வைத்துக் கணிக்கிற பட்டியல் அது. வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, குறித்த ஒரு வருடத்துக்கு ஒன்று என்று இரண்டு உண்டு. அதற்கு விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. அதில் வருகிறவர் உண்மையில் உழைத்தவர், வாழ்த்தலாம். ஆனால் அந்தக் கணக்கும் எழுத்தாளர் விபரத்தை வைத்துத்தான் ஓடுகிறது. அங்கே நாலாகப் பிரிந்தவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். இதைச் சாக்காக வைத்து வேறு ஒரு கூட்டம் வியாபாரம் நடத்துகிறது. சிறந்த ஆய்வாளர் விருதுக்கு உங்களைத் தெரிவுசெய்திருக்கிறோம், பதிவுக் கட்டணம் இவ்வளவு, கேடயம் தபாலில் வரும் என்று மெயில் வரும். பணம் கட்டினால் தரவரிசையில் பெயர் ஏறுகிற இணையத்தளங்களும் உண்டு. விருது கொடுக்கிறவர் உங்களிடம் காசு கேட்டால் அது விருது இல்லை, விற்பனை. அப்படிப்பட்ட கேடயத்தைப் பைலில் வைத்தால் பக்கத்தில் உள்ள உண்மையான கட்டுரைகளையும் மதிப்பீட்டாளர் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்.

அந்தப் பட்டியல்களில் ஒருநாளும் வராதவர்களைப் பற்றியும் நினைப்பேன். எனக்கு எண் எடுத்துத் தந்த நூலக அக்கா அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் எத்தனையோ பேரின் பெயர்ச் சிக்கலை அவிழ்த்துவிட்டார். கள ஆய்வுக்கு ஒலிப்பதிவுக் கருவியைத் திருத்தித் தந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், பேட்டிகளைத் தட்டச்சுச் செய்த தம்பி, இவர்களுடைய வேலை எந்தப் புள்ளித்திட்டத்திலும் இல்லை. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்கிற பகுதியில் நாம் போட்டால்தான் உண்டு. இப்போது நான் அங்கே முழுப் பெயரும் பதவியும் போடுகிறேன், வெளிவந்ததும் பிரதி எடுத்துக் கையில் கொடுக்கிறேன். அவர்களுடைய தாபனக் கோப்பிலும் ஒரு பிரதியைச் சேர்க்கச் சொல்கிறேன். நேர்முகத்தில் மேசையில் வைப்பதற்கு ஒரு தாளாவது இருக்கட்டும்.

என் விண்ணப்பம் கடைசியில் சரிவந்தது. மதிப்பீட்டாளர் அறிக்கைகள், நேர்முகப் பரீட்சை, பல்கலைக்கழகத்தின் மூதவை, பேரவை என்ற சபைகள் என்று ஒவ்வொரு படியாகக் கடந்து கடிதம் கைக்கு வந்தபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை, படுத்து நித்திரை கொண்டேன். விண்ணப்பித்த திகதியிலிருந்து கணக்கிட்டு நிலுவைச் சம்பளம் தந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தைக் கிட்டியிருந்தது. 2021 இல் வரவேண்டிய ரூபா அதற்குப் பிறகு வந்தால் அதில் என்ன மிஞ்சும்? மொழிபெயர்ப்பு, ரயில், தங்கல், கூரியர், போட்டோக்கொப்பி என்று போன எழுபதினாயிரத்தை விட இந்த நட்டம்தான் பெரிது. விண்ணப்பம் கொடுக்கிற அன்றே பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாகத் திகதி முத்திரை குத்தின ஒரு பிரதியை வாங்கி வைத்திருந்தேன், நிலுவைக் கணக்குக்கு அது கை கொடுத்தது. அந்தப் பிரதியை வாங்காமல் மட்டும் அலுவலகத்தை விட்டு இறங்கவேண்டாம்.

வாழ்த்து அட்டையொன்று குழுவில் வந்தது. அதில் என் பெயர் ஐந்தாவது விதமாக இருந்தது, மொழிபெயர்ப்பாளர் போட்ட அதே எழுத்துக்கூட்டல். திருத்தச் சொல்ல நினைத்து, பேசாமல் விட்டுவிட்டேன்.

போன மாதம் கிண்ணியாத் தோழி ஒருத்தி மலேசியாவில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பி வரப்போகிறாள் என்று கதைத்தாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இதை எனக்கே பிந்தித்தான் தெரியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மெயில் முகவரி படிப்பு முடிந்தபின் ஒருநாள் பூட்டப்படும். ஓர்கிட், கூகுள் ஸ்கொலர், சஞ்சிகைகளின் உள்நுழைவு எல்லாம் அந்த ஒரே முகவரியில் இருந்தால் பிறகு உங்கள் கணக்குக்குள் நீங்களே போக முடியாது. கட்டுரையில் தொடர்புக்கு என்று போட்ட முகவரியும் செத்துவிடும், மேற்கோள் காட்ட விரும்புகிறவர் எழுதினாலும் உங்களுக்கு வராது. ஆகவே அங்கிருந்து புறப்படுவதற்கு முன்பே எல்லாக் கணக்கிலும் சொந்த முகவரி ஒன்றை இரண்டாவதாகச் சேர்க்கவேண்டும், அதற்கு வருகிற உறுதிப்படுத்தல் இணைப்பை அழுத்தவும் வேண்டும். அழுத்தாமல் விட்டால் சேர்த்ததாகக் கணக்கில்லை. மேற்பார்வையாளரிடம் இணைந்து எழுதின கட்டுரைகளுக்கான கடிதத்தையும் அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போதே கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு விமானம் ஏறு என்றேன். அவளுடைய பெயரில் முகம்மது எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதை மட்டும் இன்னும் முடிவுபண்ணவில்லை, வந்தபிறகு நூலக அக்காவிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.